சைலன்சர் முங்காத தண்ணீர்

என் வீட்டுக்காரர் எழுதிய ஒரு வரி போன ஐப்பசியில் இரண்டு பேரை ஆற்றோடு கொண்டுபோயிருக்கும். ‘இறங்கலாமா வேண்டாமா என்று குழம்பாதே. சைலன்சர் முங்காத தண்ணீர் என்றால் தைரியமாக இறங்கு.’ இதுதான் அந்த வரி. அவருடைய புத்தகத்தில் நாலாம் அத்தியாயத்தில் இருந்தது. இரண்டாம் பதிப்பில் தேடாதீர்கள், கிடைக்காது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஆட்கள் சொல்லிவைத்ததற்கு மேல் ஆற்றைப் பற்றி ஒருத்தர் எழுத என்ன இருக்கிறது என்று, அதைப் படித்த அன்றே கேட்டேன். “அது நடந்து போறவனுக்குட்டி. இது வண்டிக்காரனுக்கு” என்றார். எழுதுகிறவர்களிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது. நான் என் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் பெயர் நயினார். சொந்த ஊர் கீழப்பாவூர். வீட்டில் எல்லாரும் நெல்லும் வரப்புமாக இருந்தவர்கள். இவருக்கு மட்டும் ஓர் இடத்தில் கால் தரிக்காது. மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தார். சுரண்டை, வீரகேரளம்புதூர், பண்பொழி, செங்கோட்டை என்று ஒரு பழைய புல்லட்டில் கடை கடையாகப் போய்த் தீவன மூட்டைக்கு ஆர்டர் எடுப்பது வேலை. போகிற வழியில் ரோட்டைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் எழுதுவது கோட்டி. நான் கோட்டி, கிறுக்கு என்பேன், அவர் இலக்கியம் என்பார்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் வந்து வண்டியை நிறுத்தினால் இறங்க மாட்டார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி மேலேயே உட்கார்ந்து, போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். என்ஜின் சூடு ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டுமாம். ஆறிய பிறகு எழுதினால் அது எழுத்து இல்லை, கணக்காம். நான் கொண்டுவந்து வைத்த காப்பி மட்டும் ஆறிப் போகலாம். அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

எங்கள் மகள் நிவேதா பெங்களூரில் இருக்கிறாள். அவள்தான் அதையெல்லாம் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். படிக்க ஆள் சேர்ந்தது. மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் தேடி வந்து ‘கிளட்ச் பிடிக்கும் நேரம்’ என்று புத்தகமாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருத்தர் வீட்டு வாசலில் நின்று புல்லட்டோடு படம் எடுத்துக்கொள்வார். எங்களையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள், வண்டிக்குப் பக்கத்தில்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரில் என் வீட்டுக்காரர் பூனை. ரேஷன் கடை வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். எழுத்தில் புலி. ‘கரையில் நிற்பவன் வேண்டாம் என்றுதான் சொல்வான், அவனுக்கு வண்டி இல்லை’ என்று எழுதினார். பையன்கள் அதைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். நான் கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்து போகிறவள். ரோட்டில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால் போதும், “சுத்திப் போயிருவோம்” என்று வண்டியைத் திருப்புகிற ஆள் அவர். ஒரே ஒரு தடவை பண்பொழிப் பக்கம் ஒரு வாய்க்காலைத் தாண்டியிருக்கிறார். அதுவும் தீவனக் கடைக்காரர் ஒருத்தர் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த வாய்க்கால்தான் புத்தகத்தில் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துச் சிற்றாறும் தரைப்பாலமுமாக ஆகிவிட்டது. எழுதுகிறவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தப் புத்தகத்தை வேதமாக எடுத்துக்கொண்டவர் கோவில்பட்டி விஸ்வநாதன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொடாத மனுஷன், இவர் எழுதியதைப் படித்துவிட்டு அறுபது வயதில் மோட்டார் சைக்கிள் பழகினார். வாரம் தவறாமல் போன் வரும். “மூணாம் அத்தியாயத்துல சொன்ன மாதிரியே வளைவுல பாத்துத் திருப்பினேன் சார்” என்பார். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். நான் சொல்வதை இப்படி அத்தியாயம் போட்டு நினைவு வைத்துக்கொள்ள இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை விஸ்வநாதனும் அவர் மனைவி உமாராணியும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாளிலிருந்தே மலையில் விடாத மழை. காலையில் பால் வாங்கப் போன இடத்திலேயே அதுதான் பேச்சு: குற்றாலத்தில் மெயின் அருவித் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை, பாலத்துப் பக்கம் யாரையும் விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். அருவியில் காலையில் விழுகிற தண்ணீர் சிற்றாற்றில் இறங்கி, தென்காசியைக் கடந்து, மத்தியானத்துக்குள் கீழே வீரகேரளம்புதூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் தேங்காய்ப்பால் சொதி வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், விஸ்வநாதன் பேசுதேன். ஆத்துக்கிட்ட வந்துட்டோம். நாலாம் அத்தியாயத்துல வார அதே தரைப்பாலம்தான் சார். அடையாளம் எல்லாம் அப்படியே இருக்கு.”

“அங்கன எதுக்குப் போனீங்க அண்ணாச்சி? மெயின் ரோட்டுல பெரிய பாலம் இருக்குல்லா.”

“பெரிய பாலத்துல யாரு வேணும்னாலும் வருவான்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இவர் துணியைக் கீழே போட்டார்.

“தண்ணி எவ்வளவு போவுது?”

“சைலன்சருக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும் சார். ஓரத்துல ஒரு கல்லு நிக்கி, அதை வச்சு அளந்துட்டேன். இப்ப மழை பலமா இருக்கு, ஷெட்டுல ஒதுங்கி நிக்குதோம். மழை பெய்யயில இறங்காத, விட்டதும் இறங்குன்னு சொல்லியிருக்கீங்கள்லா. அதான் நிக்குதோம்.”

இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சைலன்சருக்குக் கீழே என்றால் பயமில்லை என்று அவருடைய வரியை அவரே நம்பிவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, “எந்த வண்டியில வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“புதுசுதான் சார். பையன் வாங்கிக் குடுத்தான்னு சொன்னேன்லா. காட்டு ரோட்டுக்குன்னு செஞ்ச வண்டி. டயரெல்லாம் பெருசு. சைலன்சரைக்கூட மேல தூக்கி சீட்டை ஒட்டி வச்சிருக்கான். உமாராணி சேலை பட்டுரக் கூடாதுன்னு அதுக்கு ஒரு தகரம் மூடி வேற.”

என் வீட்டுக்காரர் திரும்பித் தன் புல்லட்டைப் பார்த்தார். அதன் சைலன்சர் தரையை ஒட்டி, ஆளின் கணுக்கால் உயரத்தில் நீண்டு கிடந்தது. அவருக்கு உலகத்தில் சைலன்சர் என்றால் அதுதான். எழுதும்போது வேறு மாதிரி ஒன்று இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. சீட்டை ஒட்டிய சைலன்சருக்கு ஒரு சாண் கீழே என்றால், அந்தத் தரைப்பாலத்தில் தொடை உயரத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. அதுவும் குற்றாலத்துத் தண்ணீர் இன்னும் முழுசாக வந்து சேராதபோதே.

“அண்ணாச்சி, இறங்காதீங்க” என்றார். “நான் எழுதுனது தப்பு. அது என் வண்டிக்கு எழுதுனது. உங்க வண்டிக்கு அது பொருந்தாது.”

அந்தப் பக்கம் விஸ்வநாதன் சிரித்தார். “டெஸ்ட் வைக்கீங்க சார். இங்கன எதிர்க்கரையிலயும் நாலு பேரு வேண்டாம்னுதான் கையைக் காட்டிக்கிட்டிருக்கானுவ. ‘கரையில் நிற்பவன் வேண்டாம் என்றுதான் சொல்வான்.’ எனக்கு மறந்திருமா? சரி சார், போனைச் சத்தமில்லாமப் போட்டுப் பைக்குள்ள வைக்கேன். அஞ்சாம் அத்தியாயம். நேர்ல பாப்போம்.”

கட் ஆகிவிட்டது. இவர் திருப்பித் திருப்பிப் போட்டார். மணி போனது, எடுக்க ஆள் இல்லை. அவர் எழுதிய அத்தியாயம் ஒவ்வொன்றும் அவருக்கே எதிரியாக நின்றது. நான் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவும் செய்தார்கள், வழியில் மரம் விழுந்து கிடந்தது பாவம்.

இவர் சட்டையைக்கூட மாற்றாமல் புல்லட்டைக் கிளப்பினார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினேன்.

“நீ எதுக்குட்டி? மழை கொட்டுது.”

“நீங்க எழுதுனதைப் படிச்சது அந்த மனுஷன். ஒண்ணும் படிக்காம ஒருத்தி பின்னால உக்காந்து வாரால்லா, அவளுக்காக நான் வாரேன். வண்டியை எடுங்க.”

தென்காசியைத் தாண்டுகிறவரைக்கும் மழை முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? மழையே, நிற்காதே. பெய், இன்னும் பெய். மழை நின்றால் அந்த மனுஷன் ஆற்றில் இறங்கிவிடுவார். ஐப்பசி மழையை நிற்கச் சொல்லிக் கும்பிட்டவர்கள் உண்டு. நிற்காதே என்று கும்பிட்டவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாயும் சும்மா இருக்கவில்லை. பாவூர்சத்திரம் வருகிறவரைக்கும் அவர் முதுகில் சாய்ந்தபடி வைதுகொண்டே வந்தேன். “வாய்க்காலைத் தாண்டத் துப்பில்லை, ஆத்தைப் பத்தி எழுதுதாராம். உங்களுக்கு யாரு இந்த வேலையக் குடுத்தா? தீவன மூட்டைக்கு மேல எழுதியிருக்கதைப் படிச்சா மாடுகூட பாத்துத்தான் திங்கும். மனுஷன் அப்படியா?” என்னென்னவோ சொன்னேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

“ஏட்டி, கொஞ்சம் வையாத. ரோடு தெரிய மாட்டேங்கு” என்றார்.

மழையால் தெரியவில்லை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மனுஷன் அழுதுகொண்டிருக்கிறார். அதோடு வைவதை விட்டேன்.

பாவூர்சத்திரத்தில் மழை இளைத்தது. கீழப்பாவூர் வரும்போது தூறலாகிவிட்டது. இவர் பிறந்த ஊர், ஒவ்வொரு தெருவிலும் தெரிந்தவர்கள்; யாரோ கூப்பிட்டார்கள், இவர் திரும்பவில்லை. அங்கே பதினாறு கையோடு நரசிம்மர் இருக்கிறார். பதினாறில் ஒரு கையை நீட்டி அந்த மனுஷனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ளும் என்று கோவில் பக்கம் பார்த்துச் சொன்னேன். ஊரைத் தாண்டியதும் மேகம் விலகி வெயில் அடித்தது. வயல் தண்ணீரெல்லாம் மினுங்கியது. அவ்வளவு கேவலமான வெயிலை நான் பார்த்ததே இல்லை.

“மழை நின்னுட்டு” என்றார் இவர். வண்டியை முறுக்கினார்.

ஆற்றுக்குப் போகிற வயல் ரோட்டில் திரும்பியதுமே இரைச்சல் கேட்டது. எங்கள் பக்கக் கரையில் ஒரு டிராக்டர் நின்றது. அதை ஓட்டுகிற எங்கள் கீழப்பாவூர் விஜய்பாண்டியும் வயலில் வேலை பார்க்கிற மூன்று பேரும் கரையில் நின்றிருந்தார்கள். தரைப்பாலம் இருக்கிற இடமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுருட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு ஓரமும் நட்டிருந்த கற்களின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. எதிர்க்கரையில் நீல மழைக்கோட்டில் ஓர் ஆள், மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண், நடுவில் உயரமான ஒரு வண்டி. இன்னும் இறங்கவில்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

“அப்பவே பிடிச்சு கத்துதோம் அண்ணாச்சி” என்றான் விஜய்பாண்டி. “இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. வேண்டாம்னு கையைக் காட்டுனா அவரும் கையைக் காட்டுதாரு. நீங்க வாரதுக்குள்ள தண்ணி இன்னும் ஏறிட்டு.”

என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். எதிர்க்கரையில் விஸ்வநாதன் புல்லட்டைப் பார்த்துவிட்டார். அவரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மனைவியின் தோளைத் தட்டி எங்களைக் காட்டினார். எழுத்தாளரே வரவேற்க வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார் பாவம். தன் சைலன்சரைத் தொட்டுக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினார். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். மஞ்சள் மழைக்கோட்டும் பின்னால் ஏறியது.

நான் போனைப் போட்டேன். மணி போனது. எதிர்க்கரையில் யாரும் பையைத் தொடவில்லை.

இவர் புல்லட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன செய்யுதீங்க?”

“இறங்குதேன். பாதி தூரம் போறதுக்குள்ள சைலன்சர் முங்கி வண்டி நின்னுரும். அதை அவர் கண்ணால பாக்கணும். வேற எதையும் அவர் நம்ப மாட்டாரு.”

“தண்ணி உங்களை இழுத்துட்டுப் போயிரும்.”

“நான் இறங்கலைன்னா அவங்க ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிரும். நான் எழுதுனதைப் படிச்சுட்டுத்தானே, செல்வி, அங்கன நிக்காரு.”

கல்யாணமானதிலிருந்து அவர் என்னை எதிர்த்து நின்றதில்லை. நான் பிடித்த கையை அவர் எடுத்துவிட்டதில்லை. அன்றைக்கு எடுத்துவிட்டார். எதிர்க்கரையில் அந்த வண்டி புகை கக்கியது. யோசிக்க நேரமில்லை.

“ஏலே விஜய்பாண்டி, டிராக்டர்ல கெடக்க கயித்தை எடு.”

மூட்டை கட்டுகிற தடித்த நைலான் கயிறு. ஒரு நுனியை அவன் டிராக்டர் கொக்கியில் மாட்டினான். மறு நுனியை நானே அவர் இடுப்பில் சுற்றி, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தேன். அவர் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் இறங்கினார். முதலில் டயர், பிறகு கணுக்கால். சைலன்சர் தண்ணீரைத் தொட்டதும் புல்லட்டின் சத்தம் மாறி, கொப்பளிக்கிற சத்தமாகிவிட்டது. எதிர்க்கரையில் விஸ்வநாதன் இறங்கப் போனவர் அப்படியே காலை ஊன்றி நின்றார். பார்க்கிறார் என்று தெரிந்தது. இவர் இன்னும் கொஞ்சம் போனார். தண்ணீர் முட்டியைத் தாண்டியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இவர் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துப் பார்த்தார். எங்கே நிற்க? முன் டயரைத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளியது. புல்லட் சாய்ந்து, ஓரக் கல்லில் மோதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது. கூடவே இவரும் மறைந்தார்.

கயிறு விறைத்தது. நான் ஓடிப் போய் அதன் மேல் விழுந்தேன். விஜய்பாண்டியும் மற்றவர்களும் பிடித்து இழுத்தார்கள். இவர் தலை ஒரு தடவை தெரிந்தது, மறுபடி முங்கியது. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தில்தான் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது பிறகுதான் தெரிந்தது. இந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“அக்கா, அங்கன பாருங்க” என்றான் விஜய்பாண்டி.

பார்த்தேன். இவர் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து விஸ்வநாதன் பின்வாங்குவார் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் விஸ்வநாதன் பார்த்தது ஆழத்தை இல்லை. தான் உயிராக நினைக்கிற எழுத்தாளர் ஆற்றில் போவதைப் பார்த்தார். வண்டியை முறுக்கிக்கொண்டு காப்பாற்ற வருகிறார். முன் டயர் தண்ணீரில் இறங்கிவிட்டது.

நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மஞ்சள் மழைக்கோட்டு எப்போது குதித்தது என்று தெரியவில்லை. உமாராணி தண்ணீருக்குள் ஓடி வந்தாள். முட்டளவு தண்ணீரில் நின்று, புருஷனுடைய கைக்கு மேலாகக் கையை நீட்டி, வண்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள். வண்டி நின்றது. அவர் அவளைப் பார்த்து என்னவோ கத்தினார். அவள் அந்தச் சாவியை, கையை நன்றாகப் பின்னால் வாங்கி, ஆற்றின் நடுவில் எறிந்தாள். பிறகு அவருடைய மழைக்கோட்டின் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வண்டி சரிந்து சகதியில் உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் இவரைக் கரையில் இழுத்துப் போட்டோம். தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்ததும் முதலில் கேட்டது, “அவர் இறங்கிட்டாரா?”

“இல்ல. அவர் பொண்டாட்டி விடல.”

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் கல் பட்டு ரத்தம் வழிந்தது. நான் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

“வண்டி போயிட்டுட்டி” என்றார்.

“போவட்டும், சவம்.”

“ஒரு வரிதான் எழுதுனேன்.”

நான் வைய மாட்டேனா என்று அவர் என்னையே பார்த்தார். வைதால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நானோ பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊர் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஓரக் கற்களின் தலையையும் மூடிக்கொண்டு போனது. குற்றாலத்துத் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது.

எழுந்து எதிர்க்கரையைப் பார்த்தேன். விஸ்வநாதன் ஷெட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். உமாராணி கரையில் தனியாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். அவளும் கூப்பினாள். முகம்கூடச் சரியாகத் தெரியாத தூரம். ஆனால் கூடப் பிறந்தவளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. விஸ்வநாதனுடைய எண்தான், பேசியது அவள்.

“அக்கா, நான் உமாராணி. இவர் பையில இருந்து போனை எடுத்துட்டேன்.”

“தெரியுது தாயி. எல்லாம் பாத்தேன்.”

“ஒரே ஒரு சாவிதான் கொண்டு வந்தோமாம். எப்படி ஊருக்குப் போறதுன்னு கேக்காரு.”

“பஸ்ஸுல போகச் சொல்லு.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. “சார் எப்படி இருக்காங்க அக்கா?”

திரும்பிப் பார்த்தேன். டிராக்டர் டயரில் சாய்ந்து உட்கார்ந்து, விறைத்த விரலால் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழவில்லை. நான் குனிந்து அவர் கையை விலக்கிவிட்டேன்.

“உசிரோட இருக்காரு. இடுப்புல கட்டுன கயித்தை நான் இன்னும் அவுக்கல” என்றேன்.

“அவுக்காதீங்க” என்றாள் உமாராணி.